இலக்கமில்லாத துவக்கும் ஒரு பெண்பாற் சொல்லும்

இத்தாலியின் பலேர்மோ நகர நீதிமன்றத்தில் புதிதாக மொழிபெயர்ப்பாளர்களாகச் சேர்ந்திருக்கும் நம்மவர் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். இருவரும் பல்கலைக்கழகம் போனவர்கள். இப்போது விசாரணை முழுவதும் ஒலியோடும் படத்தோடும் பதிவாகிறதாம். சந்தேகம் வந்தால் திரும்பப் போட்டுக் கேட்கலாமாம்.

“உங்கட காலத்திலை இதொண்டும் இல்லையே அங்கிள், பிழை விட்டால் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“கண்டுபிடிக்கேலாது, பிள்ளை” என்றேன்.

சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. என் வேலைக்காலத்தில் எத்தனை பிழை விட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரேயொரு பிழை மட்டும் கையும் மெய்யுமாகப் பிடிபட்டது. அதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல அன்று வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாண நகரத்தான். எண்பதுகளில் இங்கே வந்து, எல்லோரையும் போல மாடிப்படி கழுவினேன், வயதான ஒரு சின்யோராவின் வீட்டில் சமைத்தேன். அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். உப்புக் கூடினால்கூட இலக்கணத்தோடு ஏசுவார். ஐந்து வருடம் ஏச்சு வாங்கியதில் இத்தாலி மொழி வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் என் பெயரும் ஏறியது. படிப்பு, பயிற்சி எல்லாம் இவ்வளவுதான்.

மிச்சத்தைச் சொல்லித்தந்தவர் நுன்ஸியா. மொழிபெயர்ப்பாளர் பட்டியலை வைத்திருந்த தலைமை எழுதுவினைஞர் அவர். எங்களோடு பேசும்போது உட்காரமாட்டார், எங்களையும் உட்கார விடமாட்டார். மேசை லாச்சியில் உப்புப் போட்டு வறுத்த பூசணி விதை வைத்திருப்பார். ஒரு விதையை உடைத்துத் தின்று முடிக்கும் நேரத்துக்குள் நாங்கள் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்.

முதல் நாளே அவர் சொன்னது இது. விசாரிக்கப்படுபவருக்கு அரை அடி பின்னால் நில். அவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல், ‘அவர் சொல்கிறார்’ என்று கதை அளக்காதே. சத்தியம் செய்த பிறகு உன் வாயிலிருந்து வரும் ‘நான்’ உன்னுடையது அல்ல. உனக்கென்று ஏதாவது சொல்ல இருந்தால், ‘மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புகிறார்’ என்று மூன்றாம் ஆளைப் போலச் சொல்.

எனக்கு அது விளையாட்டுப் போலப் பட்டது. ஆனாலும் விரைவில் பிடித்துக்கொண்டேன். கேள்வி முடிவதற்குள் தமிழ் தயாராக இருக்கும். பொலிஸ்காரர் என்னைக் கேட்டு வாங்கும் அளவுக்கு என் வேகம் பேர் எடுத்தது. எனக்குத் தலைக்கனமும் ஏறிவிட்டது, அதை மறைப்பானேன்.

சூசைதாசனின் வழக்கு அந்தத் தலைக்கனக் காலத்தில் வந்தது.

அவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். முப்பது வயது இருக்கும். நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மந்தாரின் ஆரஞ்சுத் தோட்டம் ஒன்றில் வேலை. அந்த ஊர்ப் பழம் மற்ற இடத்துப் பழமெல்லாம் முடிந்த பிறகு, மாசி பங்குனியில்தான் இனிக்கும். அந்த நேரம் பார்த்துக் குருவிக்கூட்டம் வந்து இறங்கும். குருவி கலைக்க சூசை ஒரு சாமான் செய்தார். ஒரு இரும்புக் குழாய்த் துண்டு, அதைக் கம்பியால் கட்டிய ஒரு மரக்கட்டை. திருநாளில் மிஞ்சிய சீனவெடியைக் குழாய்க்குள் கொளுத்திப் போட்டால் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும். ஊரில் கிளி கலைக்க அப்படித்தான் செய்வார்களாம். அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் மரக்கட்டையைத் துவக்குப்பிடி, அதாவது துப்பாக்கிப்பிடி போலச் செதுக்கியும் வைத்திருந்தார்.

“குருவியள் பாத்தவுடனை பயப்பிடட்டும் எண்டுதான்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

குருவிக்கு முன்னமே பக்கத்துத் தோட்டக்காரர் பயந்துவிட்டார். பொலிஸ் வந்தது. மாஃபியாக் கொலைகளுக்குப் பிறகு நகரத்தின் தெருமுனைகளிலெல்லாம் படையினர் நின்ற காலம் அது. மாஃபியாவுக்குப் பேர்போன சியாகுல்லி என்ற பெயரும் துவக்கு என்ற சொல்லும் ஒரே வரியில் வந்தால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

இங்கே சட்டத்தைச் சொல்ல வேண்டும். இத்தாலியில் ஒவ்வொரு துப்பாக்கியிலும் தொடர் இலக்கம் பொறித்திருக்க வேண்டும். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தாலும் சரி, வீட்டில் செய்ததால் இலக்கமே இல்லாவிட்டாலும் சரி, அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘ஆர்மா கிளாந்தெஸ்தினா’. கள்ள ஆயுதம் என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்துகொண்டு அதை வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் சிறை. வெளிநாட்டவர் என்றால் சிறை முடிய பெர்மெஸோவும் போகும், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம்.

முதல் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அரசு கொடுத்த சட்டத்தரணி ஒரு பெண், சூசைக்குப் பக்கத்தில் இருந்தார். எதிரில் ஒரு அதிகாரியும் தட்டச்சு செய்பவரும். நான் சத்தியம் செய்துவிட்டு அரை அடி பின்னால் நின்றேன். படிவத்தில் ‘தொடர் இலக்கம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று ஏற்கெனவே அடித்திருந்தது.

பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்ட பிறகு அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார். “கிளாந்தெஸ்தினா என்று உமக்குத் தெரியுமா?”

இத்தாலி மொழியிலும் தமிழைப் போல எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசலாம். நான் யோசிக்கவில்லை. அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடவும் இல்லை. நம்மவர்கள் வீட்டில் கதைக்கும்போதே கலந்துவிட்ட சொல்தானே என்று அப்படியே போட்டேன்.

“கிளாந்தெஸ்தினா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

சூசையின் முகம் வெளிறியது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டத்தரணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்தார்.

“ஓம். தெரியும்.”

“தெரிந்துகொண்டு ஏன் வைத்திருந்தீர்?”

“வேறை என்னண்ணை செய்யிறது? வெளியிலை விடேலுமே? ஒளிச்சுத்தான் வைச்சிருந்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆருக்கும் ஒரு கரைச்சலும் இல்லைத்தானே.”

“எவ்வளவு காலமாக?”

“ரெண்டு வருஷமாய்.”

சூடு ஆறுமுன் எல்லாவற்றையும் இத்தாலியில் வைத்தேன். ‘ஆம், தெரியும். வேறு என்ன செய்வது, வெளியில் விட முடியுமா? தெரிந்துதான் ஒளித்து வைத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. யாருக்கும் தொல்லை இல்லை. இரண்டு வருடமாக.’ அதிகாரி தட்டச்சுக்காரரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு சுலபமாக ஒப்புதல் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். சூசை கையெழுத்துப் போட்டார், கீழே நானும் போட்டேன். கிழமைக்கு இரண்டு தரம் பொலிஸில் வந்து ஒப்பமிடச் சொல்லி வழக்கு நாள்வரை விட்டார்கள். நல்ல வேலை செய்தேன் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்துச் சட்டத்தரணி என்னையும் சூசையையும் தன் அலுவலகத்துக்கு வரச்சொன்னார். ஆயுத நிபுணரின் அறிக்கை வந்திருந்தது. அந்தக் குழாயால் சத்தம் போடத்தான் முடியும், எதையும் எறிய முடியாது என்று எழுதியிருந்தாராம். ஆனால் செய்தவரே அது கள்ள ஆயுதம் என்று ஒத்துக்கொண்டிருப்பதால், வேறு பாகங்கள் எங்காவது ஒளித்து வைக்கப்பட்டிருக்கலாம் என்பதை மறுக்க முடியவில்லையாம்.

“இன்னொன்று” என்றார் சட்டத்தரணி. “குழாயின் வெட்டுமுனையில் துருவே இல்லை என்கிறார். பொலிஸ் எடுத்தபோது வெட்டி ஒரு மாதம்கூட ஆகியிராது. இவர் இரண்டு வருடம் ஒளித்து வைத்திருந்தேன் என்கிறார். எது உண்மை என்று கேளுங்கள்.”

இந்த முறை நான் முழு வசனமாகக் கேட்டேன். “அந்தத் துவக்கை ரெண்டு வருஷமாய் ஒளிச்சு வைச்சிருந்தனான் எண்டு அண்டைக்குச் சொன்னீங்கள். ஆனா இரும்பு புதுசாய்க் கிடக்காம்.”

சூசை என்னையே பார்த்தார். “துவக்கையோ? நான் எங்கையண்ணை துவக்கைப் பற்றிக் கதைச்சனான்? என்னைப் பிடிக்கேக்கை அதை வெட்டி ரெண்டு கிழமைதானே.”

“அப்ப எதை ஒளிச்சு வைச்சனீங்கள்?”

“நீங்கள்தானே கிளாந்தெஸ்தினா எண்டு கேட்டனீங்கள்...” என்று தொடங்கியவர் குரலைத் தாழ்த்தினார். “ஸ்டெல்லாவைத்தான் சொன்னனான்.”

ஸ்டெல்லா அவருடைய மனைவி. அவள் ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம், பெர்மெஸோ இல்லை. நகரத்துக்குள் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருவருக்கும் ஒற்றை அறை. அங்கிருந்து ஒரு சின்யோராவின் வீட்டுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். வேறெங்கும் போகமாட்டாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிளாந்தெஸ்தினோ என்றால் காகிதம் இல்லாத ஆண், கிளாந்தெஸ்தினா என்றால் காகிதம் இல்லாத பெண். இந்த ஊரில் இத்தாலி மொழி ஒன்றும் தெரியாத தமிழனுக்கும் இந்த இரண்டும் தெரியும். ஆயுதம் என்ற சொல் இத்தாலியில் பெண்பால், அதனால்தான் அதிகாரியின் வாயில் அது ‘கிளாந்தெஸ்தினா’ ஆனது. இதை எங்கள் ஆட்களுக்கு யார் சொன்னார்கள்? அந்த மனுஷன் பொலிஸ் தன் மனைவியைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்து, உடைந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். நான் அதைத் துவக்கின் தலையில் கட்டிவிட்டேன்.

“என்ன சொல்கிறார்?” என்று சட்டத்தரணி கேட்டார்.

“சொல்லாதேங்கோ அண்ணை” என்றார் சூசை. “மாத்தவும் வேண்டாம். துவக்கெண்டே இருக்கட்டும். எத்தனை வருஷமெண்டாலும் நான் மறியலுக்குப் போறன். அவவைப் பிடிச்சு ஏத்தினாங்களெண்டால் அங்கை ஊரிலை ஒருத்தரும் இல்லை. சண்டை நடக்கிற இடம்.”

பேசியது எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி. நான் சட்டத்தரணியிடம், “மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல்லில் தெளிவில்லை, அவகாசம் வேண்டும்” என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவர் களைத்திருந்தார், விட்டுவிட்டார்.

மறுநாள் நுன்ஸியாவிடம் போனேன். ஆளின் பெயரோ வழக்கோ சொல்லாமல் கேட்டேன்: ஒரு மொழிபெயர்ப்பாளர் தன்னுடைய பிழையைத் தானே கண்டுபிடித்தால் என்ன செய்வது? திருத்தினால் வேறொருவருக்குக் கேடு வரலாம் என்றால்?

அவர் விதையை உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “பிழை எங்கே இருக்கிறது? காகிதத்திலா, ஆளிலா?”

“காகிதத்தில்.”

“அப்படியென்றால் காகிதத்தைத் திருத்து. காகிதத்துக்குத்தான் நீ கையெழுத்துப் போட்டாய். காகிதத்தில் இல்லாத எதையும் நீ சொல்லவும் வேண்டாம்.”

அன்றிலிருந்து வழக்கு நாள்வரை ஒன்பது நாள். திருத்தப்போகிறேன் என்று சூசையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பல்லாரோவில் மரக்கறி வாங்கும் சாட்டில் இரண்டு தரம் அந்தச் சந்தின் வாசல்வரை போனேன். இரண்டு தரமும் திரும்பிவிட்டேன். அவர் கெஞ்சினால் நான் இளகிவிடுவேன் என்ற பயம். இளகினால் என் பிழைக்காக ஒரு மனிதன் வருடக்கணக்கில் சிறையில் இருப்பான், அதன்பிறகு என்னால் அந்த வேலையில் நிற்க முடியாது. இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

வழக்கு, மூடிய ஒரு சிறிய அறையில் நடந்தது. நீதிபதி மெலிந்த மனிதர். கேள்வி கேட்குமுன் பேனாவை மூடி மேசையில் வைப்பார், பதில் முடிந்த பிறகுதான் திறப்பார். அதனால் எல்லாம் மெதுவாக நடக்கும். சூசை வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நான் அரை அடி பின்னால் நின்றேன்.

ஒப்புதல் வாக்குமூலத்தை வாசிக்கத் தொடங்கினார்கள். ‘தெரிந்துதான் ஒளித்து வைத்திருந்தேன்’ என்ற இடம் வந்ததும் நான் கையை உயர்த்தினேன். பதற்றத்தில் நுன்ஸியாவின் பாடம் மறந்துவிட்டது.

“நான் பிழை செய்துவிட்டேன்” என்றேன் இத்தாலியில்.

தட்டச்சுக்காரர் கடகடவென்று அடித்தார். ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்: நான் பிழை செய்துவிட்டேன்.’ அரச தரப்பு வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நீதிபதி பேனாவை மூடினார். “இந்த ‘நான்’ யார்?”

“மொழிபெயர்ப்பாளர், ஐயா. மொழிபெயர்ப்பாளர் பிழை செய்தார்.”

“அந்த வரியை வெட்டுங்கள்” என்றார் தட்டச்சுக்காரரிடம். பிறகு என்னிடம், “சொல்லும்.”

சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைத் தமிழில் எழுவாய் இல்லாமல் கேட்டார். ‘கிளாந்தெஸ்தினா’ என்ற சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே விட்டார். இந்த நகரத்துத் தமிழர் வாயில் அந்தச் சொல் ஆயுதத்தைக் குறிப்பதில்லை. வந்த பதிலிலும் எதை ஒளித்தார் என்று சொல்லும் சொல் இல்லை. பதில் துப்பாக்கியைப் பற்றியது என்று மொழிபெயர்ப்பாளரால் சத்தியம் செய்ய முடியாது.

நீதிபதி வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். அந்த வரிகளை உதடசைத்து வாசித்தார். ஒளித்து வைத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. யாருக்கும் தொல்லை இல்லை. இரண்டு வருடம். வாசித்து முடித்துவிட்டு சூசையின் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

அரச தரப்புக்கும் விளங்கியிருக்க வேண்டும். வழக்கறிஞர் எழுந்தார். “அப்படியென்றால் எதை, அல்லது யாரை ஒளித்து வைத்திருந்தார் என்று கேட்க வேண்டும்.”

நான் அதை மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேன். “எதை, அல்லது ஆரை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள் எண்டு கேக்க வேணுமாம்.” சூசை நீதிபதியைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, அரை அடி பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். அப்படி ஒருவரும் என்னை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நீதிபதி பேனாவைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். பிறகு சொன்னார்: “இந்த வழக்கு ஒரு இரும்புக் குழாயைப் பற்றியது. குழாயைப் பற்றியதல்லாத கேள்விக்கு இங்கே இடமில்லை. வாக்குமூலத்தின் அந்தப் பகுதி நிச்சயமற்றது என்று எழுதுங்கள்.”

அடுத்து, சாட்சி சொல்ல வந்திருந்த ஆயுத நிபுணரிடம் திரும்பினார். ஒப்புதலை விட்டுவிட்டால் இது துப்பாக்கியா?

“இல்லை.”

“இலக்கம் இருந்திருக்க வேண்டுமா?”

“துப்பாக்கிக்குத்தான் இலக்கம் வேண்டும், ஐயா. இதற்கு வேண்டுமென்றால் என் வீட்டுக் குசினித் தண்ணீர்க் குழாய்க்கும் வேண்டும்.”

ஆயுதக் குற்றம் தள்ளுபடி ஆனது. வெடி கொளுத்தி அயலவரைப் பயமுறுத்தியதற்குச் சின்னத் தண்டம். குழாயை எடுத்துக்கொண்டார்கள். பெர்மெஸோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை ஒரு வருடத்துக்குப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பெயரை வெட்டியது நுன்ஸியாவின் கைதான். வெட்டிவிட்டு, முதல்முறையாக, லாச்சியைத் திறந்து என் கையில் கொஞ்சம் பூசணி விதை போட்டார்.

வழக்கு முடிந்து நீதிமன்ற நடைகூடத்தில் சூசையிடம் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

“வேண்டாமெண்டு சொன்னனான்தானே அண்ணை” என்றார். சத்தம் போடவில்லை.

“நீங்கள் மறியலுக்குப் போயிருப்பீங்கள், சூசை.”

“போயிருப்பன். அது என்ரை விருப்பம். அவவை வைச்சு நீங்கள் விளையாடினதுக்கு ஆரிட்டைக் கேட்டனீங்கள்?”

“எனக்கு வேறை வழி தெரியேல்லை.”

“என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவவை ரெண்டு நாளுக்கு வேறை இடத்திலை விட்டிட்டு வந்திருப்பன். அவ இப்பவும் அந்த அறையுக்கைதான் இருக்கிறா. ஆரை எண்டு அந்த ஆள் கேட்டு முடிய, பொலிஸ் அவவின்ரை கதவைத் தட்டுற சத்தம் எனக்கு இஞ்சை நிண்டே கேட்டது.”

படியிறங்கிப் போய்விட்டார்.

சில வருடங்களில், வேலைகொடுப்பவர் கையெழுத்து வைத்தால் காகிதம் கொடுக்கிற சட்டம் ஒன்று வந்தது. ஸ்டெல்லாவின் சின்யோரா கையெழுத்து வைத்தார், பெர்மெஸோ கிடைத்தது. மொழிபெயர்ப்புக்கு அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை, மெஸீனா நகரத்திலிருந்து வேறொருவரை வரவழைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் சந்திலிருந்த தமிழர் அத்தனை பேருக்கும் அழைப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

அன்று கையை உயர்த்தியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த நாள் திரும்ப வந்தாலும் உயர்த்துவேன். ஆனால் அதற்கு முன் அந்தச் சந்துக்குள் போய்க் கதவைத் தட்டி, அவர் எவ்வளவு ஏசினாலும் நின்று சொல்லிவிட்டு வருவேன். ஒன்பது நாள் இருந்தது. பத்து நிமிடம் போதும்.

பல்லாரோவில் என்னைக் கண்டால் சூசை இன்றும் மறுபக்கத்துக் கடைக்கு மாறிவிடுவார். ஸ்டெல்லா மாறமாட்டாள். போன சனிக்கிழமை மீன்கடையில் பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னோடு கதைத்தது அன்றுதான்.

“அவர் கோவத்தை விடமாட்டார்” என்றாள், மீனைப் பார்த்தபடி. “நானும் அவருக்குச் சொல்லேல்லை. வழக்கு நடந்த அண்டைக்கு நான் அறையுக்கை இருக்கேல்லை. நீதிமன்ற வாசல்லைதான் நிண்டனான், அவரை மறியலுக்குக் கொண்டு போனால் உள்ளை வந்து, அவர் ஒளிச்சு வைச்சது என்னைத்தான் எண்டு சொல்லுறதுக்கு.”